ராஜபார்ட்டில் நான் இட்ட ஆணை

சிவமயம்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை, 1939

புதுக்கோட்டையில் பள்ளிக் கமிட்டித் தலைவராக வீற்றிருக்கும் மரியாதைக்குரிய அத்தான் சேவுகன் செட்டியார் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மைத்துனன் உடையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டில் முத்தாளும் மகள் சாலாவும் சுகம். என் மானத்துக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. அங்கே அக்காளுக்கு முழங்கால் வலி தேவலையா என்று எழுதவும்.

விஷயம், நம்மூர்ப் பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் ஆத்மநாதனைப் பற்றியது. அவரை உடனே வேறு ஊருக்கு மாற்றவேண்டும். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு மாற்றுங்கள்.

மனிதர் பிரம்பைத் தொடுவதில்லை, அதட்டுவதில்லை, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார், பிள்ளைகள் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். போன மாதம் வண்டி கட்டிக் குன்றாண்டார்கோவில் குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். ராஜாக்கள் பேரை ஒப்பிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். இவரோ, "இந்தப் பாறையக் கொடஞ்சவங்க மத்தியானக் கஞ்சிய எங்க உக்காந்து குடிச்சிருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று இரவு நான் இலையில் கை வைத்ததும் சாலா, "அப்பா, நம்ம வீட்டுத் தூணயெல்லாம் தூக்கிட்டு வந்தவங்க பேரு என்ன?" என்று கேட்டாள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்றேன். "தேக்கு பேரக் கேக்கல, ஆளு பேரக் கேட்டேன்" என்றாள். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன், அத்தான். பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வரும் பெண் இது. இப்போது சேவல் கூவுமுன் தலைவாரிக்கொண்டு நிற்கிறது. அந்த மட்டில் வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். ஆனாலும் மாற்றவேண்டும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம், ராஜபார்ட்டுக்கு ஆள் வேண்டும் என்று வந்தார். சுற்று வட்டாரத்தில் என் குரலுக்கு ஈடு யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உடனே ஒத்துக்கொண்டேன். வசனம் எங்கே என்றேன். "வசனம் கெடையாதுங்க. ஊருக்குக் கொளம் வெட்டுன ராசா நீங்க. குடிமக்க கேப்பாங்க, நீங்க பதில் சொல்லணும்" என்றார். நான் என்ன கண்டேன், பிள்ளைகள் வாழ்த்துப்பா பாடும் என்று நினைத்துச் சரிகை அங்கியும் கிரீடமுமாய்ச் சிம்மாசனத்தில் அமர்ந்தேன். ஊரே கூடியிருந்தது. முதல் கேள்வி நம் சாலா. "மகாராசா, கொளத்த வெட்டுனது யாரு?" "யாமே வெட்டினோம்" என்று கர்ஜித்தேன். "மம்பட்டி புடிச்சீங்களா? கையக் காட்டுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. அட்டைக் கத்தியோடு எனக்குக் காவல் நின்ற சேவகனும் சிரித்தான். அப்புறம் கீழத்தெரு அழகம்மாளின் மகள் அழகி எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை. "மகாராசா, வெட்டுனவங்க பேரப்புள்ளைக ஏன் கரையில நின்னுக்கிட்டு, யாராச்சும் மொண்டு ஊத்துவாங்களான்னு காத்துக் கெடக்கணும்?" என்றாள்.

திரைக்குப் பின்னால் வாத்தியாரைப் பார்த்தேன். அடியெடுத்துக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதில் சொல்லாத ராஜா என்ன ராஜா? இத்தனை வருஷம் மேடையேறிய பழக்கம், கை தானாக உயர்ந்தது. "இன்று முதல் இந்த ஊருணியில் யாவரும் இறங்கி நீர் எடுக்கலாம். இது நம் ஆணை" என்று முழங்கிவிட்டேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நானும் ரொம்பத் திருப்தியாக அரிதாரத்தைத் துடைக்க உட்கார்ந்தேன். துடைக்கும்போதுதான் உறைத்தது. கதையில் வரும் குளம் என்று சொல்லாமல் 'இந்த ஊருணி' என்று சொல்லியிருக்கிறேன். நம் ஊர் தண்ணீர் குடிக்கும் இந்த ஊருணிக்கு டிரஸ்டி நான்.

மறுநாள் நம் தெருப் பெரியவர்கள் திரண்டு வந்து, "உடையப்பா, நீ சொன்னது நாடகமா நெசமா?" என்று பிடித்துக்கொண்டார்கள். நாடகம்தான் என்றேன். உள்ளேயிருந்து முத்தாள், "அப்ப நம்ம புள்ளைகிட்ட அத நீங்களே சொல்லிருங்க, என்னால ஆகாது" என்றாள். வாத்தியாரிடம் போய், "என்னய்யா இப்படி மாட்டிவிட்டீர்?" என்று சண்டை பிடித்தேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "கேள்விய நான் எழுதிக் குடுக்கலைங்க, புள்ளைகளே யோசிச்சது. பதிலையும் நான் எழுதலைங்க" என்றார். கேலி இல்லை, பயமும் இல்லை. எனக்கு இப்படி ஒரு வாத்தியார் வாய்க்கவில்லையே என்று அங்கேயே வருத்தமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளப் போனவன் மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதனால்தான் கேட்கிறேன். அவரை டவுனில் நல்ல பெரிய பள்ளிக்கூடமாகப் பார்த்து, சம்பளமும் கூட்டி, கிணறுள்ள வீடும் கொடுத்து மாற்றிவிடுங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் ஆணையை வாபஸ் வாங்க முடியாது. அவர் போய்விட்டால் எல்லாம் கூத்து என்று சொல்லித் தப்பிவிடுவேன். கீழத்தெருக்காரர்கள் இன்னும் ஊருணியில் இறங்கவில்லை. நாளைக் காலையில் வருவதாகக் கேள்வி. வாத்தியார் எழுந்து வருமுன் நானே போய், நாடகம்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பப் போகிறேன்.

அக்காள் காலில் நான் விழுந்ததாகச் சொல்லி, விபூதி வாங்கி அடுத்த கடிதத்தில் மடித்து அனுப்பவும். உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
உடையப்பன்

பி.கு.: சனிக்கிழமை காலை. தபால்காரன் வருமுன் இதைச் சேர்க்கிறேன். வாத்தியாரை மாற்றவேண்டாம். மேலே உள்ளதைப் படித்ததும் உத்தரவு எழுத உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடுங்கள். வாத்தியார் மேல் நம் தெருவிலிருந்து மனு வந்தால் பழியை என் பேரில் போட்டுக்கொள்ளுங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். விடிந்ததும் ஊருணிக்குப் போனேன். படியின் மேலே அழகம்மாள் குடத்தோடு நின்றாள், பின்னால் அவள் தெருப் பெண்கள். ஒருத்தியும் கீழே கால் வைக்கவில்லை. நாடகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "ராசா சொன்னாரு, கேட்டுக்கிட்டோம். செட்டியாரய்யா என்ன சொல்றீங்க?" என்றாள். எல்லோரும் என் வாய்க்காகக் காத்து நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தான். "அடிப்படியில பாசி கெடக்கு, வழுக்கும். பாத்து எறங்குங்க" என்றேன்.