மாந்தோப்பு ஒப்பந்தமும் மூன்று நாய்களும்

நாய் என்னைக் கடிக்கவில்லை.

ஒரு கட்டுரையை இப்படித் தொடங்குவது எனக்கே உவப்பாக இல்லை. ஆயினும் எங்கள் குடும்பத்தில் எந்தத் திருமணம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில், யாரோ ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். ஆண்டுக்கு ஆண்டு நாய் பெரிதாகிறது. கடிபட்ட இடமோ கீழே இறங்குகிறது. சென்ற முறை என் பேரனின் திருமணத்தில் சொல்லப்பட்டதை நம்பினால், நான் அப்போது ஒரு வாரம் உட்காரவே முடியாமல் இருந்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் கல்லூரியில் சரித்திரம் போதித்தவனைப் பற்றிப் பிழையான சரித்திரம் உலவுவது முறையன்று. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். கடிபட்டது என் கோட்டு, அதன் பின்பகுதி. அந்தச் சமயத்தில் கோட்டுக்குள் நான் இருந்தேன் என்பது உண்மையே. ஆனால் அது வேறு விஷயம்.

ஐரோப்பாவில் மறுபடியும் யுத்தம் மூளுமா, மூளாதா என்று பத்திரிகைகள் தினந்தோறும் கேட்டுக்கொண்டிருந்த காலம். நான் சென்னையில் பி.ஏ. தேறி, எம்.ஏ. வகுப்பில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேசங்களின் பாதுகாப்பு என்று புதிதாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் பாய்ந்தால் மற்றவை என்ன செய்ய வேண்டும், எதை ஆக்கிரமிப்பு என்று சொல்வது என்பவையெல்லாம் அதில் அடக்கம். அவற்றுள் என்னை ஆட்கொண்டது கூட்டுப் பாதுகாப்பு என்னும் தத்துவம். ஒருவனை அடித்தால் எல்லோரையும் அடித்ததாகக் கொண்டு எல்லோரும் திரண்டு வருவது. வருவார்கள் என்று தெரிந்தால் அடிக்க நினைப்பவனுக்குக் கை ஓங்காது. இதைக் கேட்ட அன்று உலகத்தின் தொல்லைகளெல்லாம் முடிந்துவிட்டன என்றே நினைத்தேன். (அந்தத் தத்துவத்தின் குறைபாடுகளைக் கோடை விடுமுறை முடிந்து வந்ததும் விளக்குவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். நான் அதுவரை காத்திருக்கவில்லை.)

விடுமுறைக்கு ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது என் தகப்பனார் எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார். உண்மையில் பெண்ணை நான் முன்பே பார்த்துவிட்டேன். முந்தைய அறுப்பின் பண்டிகையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது, ஒரு சேவலுக்காகத் தன் தகப்பனாரையே எதிர்த்துக் கேட்டு, அவரைப் பின்வாங்கவும் வைத்தாள் ஒரு பெண். அவள்தான் ரூத். அந்தச் சேவலின் மேல் எனக்கு அன்றே பொறாமை உண்டாயிற்று.

பின்வாங்கிய தகப்பனார் சாமானியரல்லர். சுபேதார் யோவான், முந்தைய யுத்தத்தில் மெசபடோமியா வரை போய் வந்தவர். என் தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஆகையால் அவர் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்ததும் சுபேதார் கேட்டாராம்:

"பையன் என்ன படிக்கான்?"

"நாடுகளுக்குள்ள சண்டை வராம எப்படிப் பாத்துக்கிடலாம்னு படிக்கான்."

"வந்துட்டா?"

அதைப் பையனிடமே கேட்கும்படி என் தகப்பனார் சொல்லிவிட்டார். "பையனத் தோப்புக்குக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்" என்று சுபேதார் முடித்துவிட்டார்.

தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. சப்பட்டை இன மாங்காய் முற்றி, பறிப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நான் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து சென்றேன். (மே மாத வெயிலில், மாந்தோப்புக்கு. ஆம்.)

அங்கேதான் ஐரோப்பாவை நேரில் கண்டேன். சுபேதாரின் தோப்பை ஒட்டி ராஜபாளையத்து நரசராஜாவின் தோப்பு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இரண்டையும் தொட்டுக்கொண்டு தெற்குவரை வளைந்து கிடந்தது செட்டியார்பட்டிப் பெரியவர் ஒருவரின் தோப்பு. அவரை ஊர்ப்பெயராலேயே எல்லோரும் அழைத்தார்கள். மலையிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கினால் சுபேதாரின் காவலாட்கள் தகரம் தட்டிக் கவண் வீசி, அதை ராஜாவின் தோப்புக்குத் துரத்துவார்கள். ராஜாவின் ஆட்கள் செட்டியார்பட்டியார் தோப்புக்குத் துரத்துவார்கள். அங்கிருந்து அது மறுபடியும் சுபேதாரிடம் வரும். இந்த ஏற்பாட்டினால் குரங்குகள் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு தோப்பில் சாப்பிட்டு வந்தன.

"ஐயா, ஆக்கிரமிப்பாளனைப் பக்கத்து நாட்டின்மேல் திருப்பிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள நினைப்பதுதான் இன்று உலகத்தைப் பிடித்திருக்கும் நோய்" என்றேன்.

சுபேதார் மீசையைத் தடவினார். "அப்ப மருந்து?"

கூட்டுப் பாதுகாப்பை விளக்கினேன். ஏறத்தாழ முழுப் பாடத்தையும் விளக்கினேன். என் தகப்பனார் அண்ணாந்து மாமரத்துக் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி. மூணு தோப்பையும் சேத்து ஒப்பந்தம் போடுங்க. வார சனிக்கெழம சோதிச்சுப் பாப்போம். என் தோப்புல காய் நின்னா எம் பொண்ணு பேச்சப் பேசுவோம். நிக்கலைன்னா நீங்க மெட்ராஸ்ல போயி ஒலகத்தக் காப்பாத்துங்க" என்றார்.

ஆக, ரூத் எனக்கு மனைவியாவது குரங்குகளின் கையில் இருந்தது.

ஒப்பந்த மாநாடு மறுநாளே சுபேதாரின் தோப்புக் கொட்டகையில் கூடியது. எந்தத் தோப்பில் தகரம் தட்டினாலும் மற்ற இரண்டு தோப்பிலிருந்தும் எல்லோரும் ஓடி வர வேண்டும் என்ற முதல் ஷரத்து உடனே நிறைவேறியது. இரண்டாவதுக்கு வந்தபோது, ஆக்கிரமிப்பாளர் யார் என்பதை வரையறுக்க வேண்டும் என்றேன்.

"குரங்கு, பாபு. இதுக்கு எதுக்கு யோசன?" என்றார் நரசராஜா.

அது போதாது என்று மறுத்தேன். பெயர் சொல்லி ஒருவரைக் குற்றவாளியாக்குவது நீதியாகாது. இலக்கணம் வகுக்க வேண்டும். காட்டுப்பன்றி வந்தால் என்ன செய்வது, கிளி வந்தால் என்ன செய்வது என்று காலை முழுவதும் விவாதித்து, கடைசியில் நானே சொல்லி எழுதினேன்: 'தோப்புக்குச் சொந்தமில்லாமல் உள்ளே புகுந்து, விரட்டினால் மரத்தில் ஏறுவது எதுவோ, அதுவே ஆக்கிரமிப்பாளர்.' பன்றி ஏறாது, கிளி பறந்துவிடும், குரங்கு மட்டும் அகப்படும். இந்த வாக்கியத்தின் நுட்பத்தை நான் அன்று மிகவும் ரசித்தேன்.

மூன்றாவது ஷரத்து படைபலம் பற்றியது. யார் யார் என்ன கொண்டுவருவது என்று கேட்டேன்.

"நம்ம சிங்கம் வரும்" என்றார் செட்டியார்பட்டியார். சிங்கம் அவருடைய நாய்.

"அப்ப மா பீமாவும் வரும்" என்று தெலுங்கு கலந்து சொன்னார் ராஜா. பீமா அவருடைய நாய்.

"கர்னல் இல்லாம ஒரு படையா?" என்றார் சுபேதார். இராணுவத்தில் இருந்த காலமெல்லாம் கர்னல்களுக்குச் சல்யூட் அடித்தவர், ஊர் திரும்பியதும் தம்மைக் கண்டு வாலாட்ட ஒரு கர்னலை வளர்த்துவந்தார்.

மூன்றும் எங்கள் ஊர் இனம். வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, ஒரே எஜமானன். அந்த எஜமானனைத் தவிர உலகத்தில் யாரையும், குறிப்பாகத் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றை, அது சகிக்காது. இது எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அந்த மூவருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் மற்றவன் நாய் வரும்போது தன் நாயை வீட்டில் விட்டு வந்தால், பயந்துவிட்டது என்றல்லவா பேச்சு வரும்? ராஜபாளையத்து நாயை வளர்ப்பவன் எதையும் பொறுப்பான். அந்தப் பேச்சை மட்டும் பொறுக்கமாட்டான்.

கொட்டகைக்குப் பின்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எங்களுக்கு மோர் கொண்டுவந்திருந்த ரூத், தன் தாயாரிடம் பேசுவதுபோல் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"அம்மா, அவியகிட்டக் கேளு. மூணு நாயும் ஒண்ணா வருமாமா?"

நானும் மாமரத்திடம் பேசுவதுபோல் விடை சொன்னேன். "படை இல்லாத ஒப்பந்தம் வெறும் காகிதம். எல்லாப் படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கும்."

"தலைம யாராம்?"

"நான்."

அதன்பின் மோர் வந்தது. மோரில் உப்பு இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

சனிக்கிழமை காலை குரங்குகள் நேரம் தவறாமல் வந்தன. சுபேதாரின் ஆட்கள் தகரத்தைத் தட்டினார்கள். ஒப்பந்தப்படி ராஜாவின் ஆட்கள் வடக்கேயிருந்தும் செட்டியார்பட்டியாரின் ஆட்கள் தெற்கேயிருந்தும் ஒருவர் பாக்கியில்லாமல் ஓடிவந்தார்கள். அந்தக் காட்சியைக் கண்டு என் நெஞ்சு விம்மியது. பெரிய பெரிய தேசங்கள் கையெழுத்துப் போட்டும் காப்பாற்றாத வாக்கை எங்கள் பக்கத்து மனிதர்கள் காப்பாற்றிவிட்டார்கள்.

பிறகு நாய்கள் வந்தன.

குரங்குகளை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிங்கம் பீமாவைப் பார்த்தது. பீமா கர்னலைப் பார்த்தது. அடுத்த கணம் மூன்றும் ஒரே வெள்ளைப் பந்தாக உருண்டன.

"ராஜா, ஒம்ம நாயப் பிடியும் வே" என்றார் செட்டியார்பட்டியார்.

"மொதல்ல உன்னுது பட்டுக்கோ, பிடிச்சுக்கோ" என்றார் ராஜா.

"யாரு நாய் மொதல்ல பாஞ்சது? சொல்லிட்டுப் பேசும்" என்றார் சுபேதார்.

நாய்களை விட்டுவிட்டு உரிமையாளர்கள் மோதத் தொடங்கினார்கள். காவலாட்கள் தத்தம் எஜமானர் பக்கம் திரண்டார்கள். தகரமும் கவணும் திசை மாறின. மேலே குரங்குகள் தின்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன.

தலைமை ஏற்றவன் கைகட்டி நிற்கலாமா? நான் நடுவே சென்று, வலக்கையை உயர்த்தி, "சண்டையை நிறுத்துங்கள், தலைமையைப் பற்றிய ஆறாவது ஷரத்து" என்று தொடங்கினேன்.

மூன்று நாய்களும் நின்றன. மூன்றும் என்னைப் பார்த்தன. கூட்டத்தின் நடுவே எந்தத் தோப்பையும் சேராதவன் நான் ஒருவன். கறுப்புக் கோட்டு வேறு. அந்தக் கணத்தில், நான் கனவு கண்ட அதே கூட்டுப் பாதுகாப்பு, குறைவின்றி, எந்தக் கருத்து வேற்றுமையும் இன்றி நிறைவேறியது. ஒப்பந்தத்தின் பொருளை அவை மூன்றும் மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தன.

ஓடினேன். அருகிலிருந்த மரத்தில் ஏறினேன். அதற்குமுன் நான் மரம் ஏறியதில்லை, அதற்குப்பின்னும் ஏறியதில்லை. கோட்டின் பின்பகுதி கர்னலோடு தங்கிவிட்டது. (கோட்டின் பின்பகுதி மட்டும். மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.) அந்த மரத்தில் ஏற்கெனவே இருந்த பெரிய ஆண்குரங்கு, கிழிந்த கறுப்புத் துணி படபடக்கத் தன்னை நோக்கி வரும் உருவத்தைக் கண்டு பல்லைக் காட்டியது. நானும் பயத்தில் காட்டினேன். அது தன் சுற்றத்தாரை அழைத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கே போயிற்று என்பதைக் கிளையில் இருந்தபடியே கண்டேன். ராஜாவின் தோப்பில் காவலுக்கு ஆளில்லை. செட்டியார்பட்டியார் தோப்பிலும் இல்லை. எல்லோரும் ஒப்பந்தத்தைக் காக்க இங்கே வந்திருந்தார்கள். செய்தியை மேலிருந்து அறிவித்தேன். அடுத்த நொடி அவரவர் நாயை இழுத்துக்கொண்டு அவரவர் தோப்புக்கு ஓடினார்கள். அதைக் கண்டு குரங்குகள் சுபேதாரின் தோப்புக்கே திரும்பி, நானிருந்த மரத்தை மட்டும் விலக்கிவிட்டு, மீதமிருந்ததை முடித்தன. சுபேதார் தடுக்கவில்லை. அவர் வேறு வேலையாக இருந்தார். மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கர்னல், வாயில் கறுப்புத் துணியோடு.

"தம்பி, அந்த ரெண்டாவது ஷரத்து என்னது?" என்றார் அண்ணாந்து.

நான் கிளையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தோப்புக்குச் சொந்தமில்லாம உள்ள பொகுந்து, வெரட்டுனா மரத்துல ஏறுதது. அதான?"

"ஆமாம் ஐயா."

"அது யாரு?"

அன்றும் என்னோடு வந்திருந்த என் தகப்பனார் எழுந்து நடந்து, தொலைவில் ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே அன்று நினைத்தேன்.

இறங்கி வரும்படி சுபேதார் சொல்லவில்லை; கர்னலும் சம்மதிக்கவில்லை. வெயில் ஏறியது. காக்கப்படாத காய், காக்கப்படாத மானம், கைக்கு எட்டாத பெண் ஆகிய மூன்றையும் பற்றிச் சிந்திக்க எனக்குப் போதிய அவகாசம் கிடைத்தது. அப்போதுதான் சோற்றுக்கூடையோடு ரூத்தும் அவள் தாயாரும் வந்தார்கள். ரூத் தோப்பைச் சுற்றிப் பார்த்தாள். நானிருந்த மரத்தைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"அம்மா, அப்பாகிட்டச் சொல்லு. எல்லா மரமும் மொட்டையாக் கெடக்கு. இந்த மரத்துல மட்டும் ஒரு காய் போகல. அவியள அங்கனயே வச்சிக்கிடணும்னா வச்சிக்கிடுங்க. இல்லைன்னா எறக்கிச் சோறு போடணும், ஆறிருது."

சுபேதார் அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். உண்மைதான், என்னைச் சுற்றிலும் சப்பட்டை கொத்துக் கொத்தாகத் தொங்கியது.

"காய் நின்னா பேச்சப் பேசுவோம்னேன்," என்றார் மெதுவாக. "எத்தன மரத்துலன்னு சொல்லல."

"சொல்லலப்பா" என்றாள் ரூத், இம்முறை தாயாரை இடையில் வைக்காமல்.

சேவல் ஏலத்தில் கண்ட அதே முகம். அவர் பின்வாங்கினார்.

"கர்னல், கொட்டாய்க்குப் போ. மாப்ள, எறங்கி வாங்க."

கோவிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்து, இதற்கு ஆட்சேபணை உடையவர் உண்டா என்று போதகர் கேட்டபோது, வெளியே கட்டியிருந்த கர்னல் ஒரே ஒரு முறை குரைத்தது. சபை அடங்கச் சற்று நேரமாயிற்று. விடுமுறைக்குப் பின் பேராசிரியர் கூட்டுப் பாதுகாப்பின் குறைபாடுகளை நடத்தினார். வகுப்பில் நான் ஒருவன் மட்டும் குறிப்பெடுக்கவில்லை. சில வாரங்களில் பெரிய தேசங்களும் மோதிக்கொண்டன. இடையில் அகப்பட்டவர்களுக்கு ஏறிக்கொள்ள மாமரம் கிடைக்கவில்லை.

அதன்பின் நான் எந்தச் சபையை அமைக்கப் புறப்பட்டாலும், எந்தத் திட்டத்தை வீட்டில் விளக்கினாலும், என் மனைவி கேட்பது ஒரே கேள்வி: "நாயும் வருமா?" பிள்ளைகளும் அதையே கற்றுக்கொண்டார்கள். கல்லூரியில் எனக்கு நடந்த பிரிவுபசாரத்தில் என் மகன் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டான்.

அந்த மரம் இன்றும் காய்க்கிறது. அன்று முதல் அதற்குப் 'பி.ஏ. மரம்' என்று பெயர். அதிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் ராஜபாளையம் வரை பரவி, சந்தையில் 'பி.ஏ. சப்பட்டை' என்று என் காதுபடவே கூவி விற்கிறார்கள். நான் மறு ஆண்டே எம்.ஏ.வும் தேறிவிட்டேன் என்பதைத் தகுந்தவர்களிடம் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மரத்துக்கு இதுவரை யாரும் அந்தப் பட்டத்தைக் கொடுக்கவில்லை.