ஃபியட்டுக்கு வந்த ரத்தக் கண்டம்

விக்கிரவாண்டியைத் தாண்டி அரை மைல் தூரத்துக்கு வண்டிகள் வரிசை கட்டி நின்றால் விபத்தோ என்று பதற வேண்டாம். 1986-இல் விபத்தைத் தடுக்கிற இடமே அதுதான். ரதசித்தர் ஆசிரமம்! லாரி, டிராக்டர், கல்யாணச் சீராக வந்த மொபெட், எது வந்தாலும் சித்தர் தோஷம் பார்ப்பார். மனுஷனுக்கு ஜாதகம் பார்க்க ஊரெல்லாம் ஆள் இருந்ததால், இவர் டயருக்குப் பார்க்க வந்துவிட்டார். இந்தத் தொழிலில் போட்டி குறைவு.

முதலில் சீடர்கள் டிரம்மில் இருக்கும் தீர்த்தத்தால் வண்டியைக் கழுவுவார்கள். பிறகு சித்தர் எழுந்தருளி அம்மன் மஞ்சள் நீரைத் தெளிப்பார். பட்ட இடமெல்லாம் மஞ்சள் ரத்தச் சிவப்பாகும்! "வண்டி காவு கேக்குது!" என்று அலறுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். சிவப்பு மறுபடி மஞ்சளாகும். தோஷம் போச்சு. நூற்றியொரு ரூபாயும் போச்சு.

இந்தக் கூட்டத்தில் ஒரு நாள் திண்டிவனம் எண்ணெய் மில் துரைக்கண்ணுவும் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி அம்சா. பின்னால் பத்து வருஷத்து ஃபியட் கார்.

துரைக்கண்ணுவுக்கு வேகத்தின் மேல் ஒரு கிறுக்கு. பாண்டிச்சேரி மோட்டார் கிளப்காரர்கள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கிடக்கும் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப்போகிறார்கள், சொந்தக் காரை யாரும் கொண்டு வரலாம் என்று கேள்விப்பட்டதும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. நேரே மெக்கானிக் சின்னப்பராஜிடம் போனார்.

"இன்ஜின்ல எதுனா பண்ணி ஜல்தியா பறக்கிற மாதிரி செஞ்சு குடு."

"இன்ஜின்ல கை வைக்க வாணாம் முதலாளி. பறக்கிறது ஈசி, நிக்கணுமே! பிரேக் ஆயில மாத்தணும், லைனிங் பார்க்கணும், வீல் நட்டு முறுக்கணும், பேட்டரிய ஆடாம கட்டணும். டிக்கில கெடக்கிற எண்ணெ டின்னெல்லாம் எறக்கி வையுங்க. ஒரு ஹெல்மெட் வாங்குங்க. அவ்ளோதான்."

துரைக்கண்ணுவுக்குச் சப்பென்று போனது. வீர விளையாட்டுக்குப் போகிறவனிடம் எண்ணெய் டின்னை இறக்கச் சொல்கிறானே! அந்த ஏமாற்றம்தான் அவரைச் சித்தரிடம் கொண்டுவந்து நிறுத்தியது.

ஃபியட்டின் நாலு சக்கரமும் சிவந்தன. சித்தர் கண்ணை மூடினார்.

"பக்தா! நாலு சக்கரத்திலும் துர்மரணம் உக்காந்துக்கினு இருக்கு."

துரைக்கண்ணு சட்டென்று மடியிலிருந்து நூற்றியொரு ரூபாயை எடுத்து நீட்டினார். எலுமிச்சம்பழம் பிழிந்து, பிரேக் மிதியில் ஒரு செப்புத் தகடு கட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"இனிமே எந்த மெக்கானிக்கும் பிரேக்கைத் தொடக்கூடாது. தொட்டா தகடு தீட்டாயிடும்" என்றார் சித்தர். எவ்வளவு முன்யோசனை! மெக்கானிக் தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

மறுநாள் அம்சா துணி துவைத்தாள். கணவரின் வெள்ளை வேட்டியில் சித்தர் தெளித்த மஞ்சள் திட்டுத்திட்டாக இருந்தது. சோப்பைப் போட்டாள். திட்டெல்லாம் ரத்தச் சிவப்பு!

துவைத்துப் பழகிய கைக்கு இது புதிதில்லை. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும், எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் இன்று கை அப்படியே நின்றது. ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளானது.

"ஏங்க, இங்க வாங்க! உங்க வேட்டியும் காவு கேக்குது!"

துரைக்கண்ணு பார்த்தார், முழித்தார். "அது சாமி கை பட்ட மஞ்சள் இல்ல? அதான்" என்றார். நம்பிக்கை என்பது லேசில் கரையாது, சோப்புக்குக்கூட.

அம்சா வேட்டியைக் கல்லில் அறைந்தாள். "நீங்க நூறு மைல் வேகத்துல போவீங்க. உங்கள நிறுத்தப்போறது தகடா?" என்றாள். அவள் சின்னப்பராஜைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

அடுத்த அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் வண்டிகளெல்லாம் ஆசிரமத்தில் நின்று போகும் நாள். அம்சா கணவரை வற்புறுத்தி அதே ஃபியட்டில் கூட்டி வந்தாள். சின்னப்பராஜும் ஏறிக்கொண்டான். பிரேக் மிதியில் தகடு ஆடிக்கொண்டிருந்தது; பிரேக்கை இன்னும் யாரும் தொடவில்லை. கார் ஊர்ந்துதான் வந்தது; ஓட்டியது சின்னப்பராஜ்.

சீடன் தீர்த்தக் குடத்தைத் தூக்கினான். அம்சா மறித்தாள்.

"இருங்க. கழுவறதுக்கு முன்னாடி மஞ்சள் தெளிங்க சாமி."

சித்தர் முகம் மாறியது. "அபச்சாரம்! முதல்ல தீர்த்தம்!"

"ஏன், அழுக்கு வண்டியில தோஷம் ஒக்காராதா?"

வரிசையில் நின்ற ஒரு லாரி டிரைவர் சிரித்துவிட்டார். அம்சா வீட்டிலிருந்து கொண்டு வந்த மஞ்சள் தண்ணீரைத் தானே பானெட்டில் ஊற்றினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"பொம்பள மஞ்சள் தெளிக்கக் கூடாது!" என்று சீடன் கத்தினான்.

"அம்மியில அரைக்கிறப்ப மட்டும் நான் ஆம்பளயா?"

சின்னப்பராஜ் டிரம்மில் கைவிட்டு ஒரு கை தீர்த்தத்தை எடுத்து அதன் மேல் விட்டான். சட்டென்று சிவந்தது. விரல்களைத் தேய்த்துப் பார்த்தான். "சலவை சோடா! வழவழன்னு இருக்கு, நீங்களே தொட்டுப் பாருங்க."

எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அந்த லாரி டிரைவர் ஒரு படி மேலே போய், ஓரமாக நின்ற சித்தரின் அம்பாசிடர் மேல் சோடாத் தீர்த்தத்தையும் மஞ்சளையும் கொட்டினார். தலை முதல் வால் வரை ரத்தம்!

"சாமி, உங்க வண்டிக்கே காவு வேணுமாம். ஆள் யாரு, நீங்களா?"

சித்தர் பாய்ந்து அம்பாசிடரில் ஏறினார். கிளம்பவில்லை. பேட்டரி செத்திருந்தது. ஊர் வண்டிகளின் ஆயுளைக் கணித்தவர் தன் பேட்டரியைக் கணிக்கவில்லை. கூட்டம் சுற்றி நின்றது. வாங்கிய காசையெல்லாம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவரை விட்டார்கள், அதுவும் நடந்து போக.

திண்டிவனம் திரும்பியதும் சின்னப்பராஜ் தகட்டைக் கழற்றி எறிந்தான். சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் லைனிங் பட்டை தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவிட் வெளியே தெரிந்தது. பிரேக் ஆயில் கஷாயம் மாதிரி கறுத்து, ஒரு பக்கம் கசிந்துகொண்டிருந்தது.

"இதோட போயிருந்தா ரெண்டாவது திருப்பத்துல மிதி தரைக்குப் போயிருக்கும் முதலாளி."

துரைக்கண்ணு டிக்கியைத் திறந்து, எண்ணெய் டின்களைத் தானே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் ஃபியட் பன்னிரண்டு சுற்று ஓடியது. எல்லாக் கார்களும் அதை முந்தின. ஒரு மாருதி இரண்டு தடவை முந்தியது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மிதித்த இடத்தில் கார் நின்றது. இறங்கிய துரைக்கண்ணுவின் முகத்தில் முதல் பரிசு வாங்கியவன் களை. "அடுத்த வாட்டி நானும் ஓட்டறேன்" என்றாள் அம்சா.

விஷயம் பரவியது. திங்கட்கிழமை காலை சின்னப்பராஜ் ஷெட்டைத் திறந்தால், வாசலில் லாரிகள் வரிசை. கையில் மாலை, தட்டில் கற்பூரம்! நம் ஜனங்களுக்குச் சாமியார் இல்லாமல் ஒரு வாரம் கழியுமா? ஒரு டிரைவர் அவன் காலிலேயே விழுந்தார்.

"எனக்கும் ஒரு தகடு கட்டி விடுங்க சாமி!"

சின்னப்பராஜ் அவரைத் தூக்கி நிறுத்தி, கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்தான். "இந்த பேஜாரே வாணாம். உன் வீல் நட்டு லூசா இருக்கு. நீயே முறுக்கு. ஏன் லூசாச்சுன்னு யோசிச்சுக்கினே முறுக்கு."

டிரைவர் பயபக்தியோடு ஸ்பேனரைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, குனிந்து நட்டை முறுக்க ஆரம்பித்தார். அந்த 'அப்புறம்' கொஞ்சம் முன்னாடியே வந்தால் போதும் ஐயா, நாட்டில் ஒரு சித்தரும் பிழைக்க முடியாது.