ஜசிராவுக்கு இரண்டு நிமிட வரவேற்புரை

மைக் கையில் கிடைத்துவிட்டால் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி மஞ்சுளா இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருடமும் ஒரு பிரேசில் நாட்டுப் பாடகியும் தேவைப்பட்டார்கள்.

டெக்சஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் நிரந்தர வரவேற்புரைக்காரன் நான். அந்தப் பதவிக்கு ஒரே தகுதி, இழுக்கத் தெரிய வேண்டும். நாலு மணிக்கு விழா என்று போட்டால் நம் ஜனம் ஐந்தரைக்குத்தான் பார்க்கிங் தேடும் (சிறப்பு விருந்தினர் ஆறு மணிக்கு). அதுவரை மேடையைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நடுவில் 'முடித்துக்கொள்ளவும்' என்று கீழேயிருந்து துண்டுச் சீட்டு வரும். அதை வாங்கிப் படித்து, லேசாகச் சிரித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே பேச வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

மஞ்சுளாவின் ஆபீஸில் லூசியானா என்று ஒரு பிரேசில்காரப் பெண் இருக்கிறாள். அவளுடைய சித்தி மகள்தான் ஜசிரா. தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, தானே பாடுகிறவள். டெக்சஸுக்குப் பாட வந்தவளுக்கு எங்கள் பக்கத்து நூலக அரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. யாராவது அறிமுகம் செய்துவைத்தால் தேவலை என்று லூசியானா சொல்ல, மஞ்சுளா வாய்தவறி என் பேரைச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு நிமிஷம்தான். காதுல விழுந்துச்சா?" என்றாள் வீட்டுக்கு வந்து.

"ரெண்டு நிமிஷம் வணக்கம் சொல்றதுக்கே பத்தாதே."

"அங்க ஹலோதான் சொல்லணும். அதுக்கு ஒரு செகண்ட் போதும். இதோ பாருங்க, அவ அம்மா வந்திருக்காங்க. பொண்ணு மேடையில பாடி ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்லையாம். அன்னிக்கு ஈவினிங்கே அவங்களுக்கு ஃப்ளைட். சொதப்பிடாதீங்க."

அந்த அம்மாள் பெயர் டோனா ரீட்டா. மகளின் பாட்டை நேரில் கேட்க அவருக்கு இருந்தது அந்த ஒரு பிற்பகல்தான். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதால்தான் இதைக் கட்டுரையாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு வாரம் ஆபீஸ் லஞ்ச் நேரமெல்லாம் ஜசிராவின் போர்ச்சுகீசிய பேட்டிகளை மொபைலில் மொழிபெயர்த்துப் படித்தேன். படிக்கப் படிக்க மரியாதை கூடிக்கொண்டே போனது. பிரேசிலின் வடகிழக்கு மூலையில் மழைக்கு ஏங்கும் ஒரு ஊர். அங்கே மாடு மேய்ப்பவர்கள் மந்தையை அழைக்க நீளமாக ஒரு கூவல் போடுவார்களாம். லேஸ் பின்னும் பெண்களுக்குத் தனிப் பாட்டு, ஜூன் மாதத் திருவிழாவுக்கு அக்கார்டியனும் பெரிய மத்தளமும். இதையெல்லாம் எடுத்துத்தான் அவள் பாட்டுக் கட்டினாள். சாவ் பாவ்லோவில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் அக்கார்டியனைத் தூக்கிப்போட்டுவிட்டு நைசாகக் காதல் பாட்டு பாடச் சொல்ல, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாளாம். இத்தனையையும் இரண்டு நிமிடத்தில் அடக்கினால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அவமரியாதை என்று தோன்றியது. உரை பதினாலு பக்கம் வந்தது. போதாததற்கு ஆறு பொன்னாடை வாங்கினேன்.

அன்றைக்கு மூன்று இருபத்தைந்துக்கே நாற்பது பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு முதல் அதிர்ச்சி அதுதான். யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கூட்டத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. பிரேசிலின் நில அமைப்பில் ஆரம்பித்தேன், ஆங்கிலத்தில். லூசியானா அதை டோனா ரீட்டாவின் காதில் போர்ச்சுகீசியத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாவது பக்கத்தில் கைதட்டினார்கள். உற்சாகமாகிவிட்டது. ஐந்தாவது பக்கத்தில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ("அப்பா, தே வேர் கிளாப்பிங் ஸோ யூ வுட் ஸ்டாப்" என்று என் மகள் நிலா பிறகு விளக்கினாள்.) நூலகத்து அம்மாள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். படித்தேன், சிரித்தேன், பையில் போட்டேன். பொன்னாடைப் படலம் தொடங்கியது. ஜசிரா, கிட்டார்காரர், மத்தளக்காரர், மைக் ஆபரேட்டர், நூலகத்து அம்மாள், டோனா ரீட்டா என்று ஆளுக்கு நாலு வரிப் புகழுரை, ஒரு போட்டோ. இரண்டாவது சீட்டு வந்தது. பையில் போட்டேன். மூன்றாவது சீட்டில் 'அரங்கு ஐந்து மணிக்குச் சரியாக மூடப்படும்' என்று அடிக்கோடிட்டிருந்தது. அதையும் போட்டேன். மைக்கை அணைத்தார்கள். கரண்ட் போய்விட்டதென்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

உரையில், சாவ் பாவ்லோ கம்பெனியிலிருந்து ஜசிரா எழுந்து வெளியே வந்த இடத்தில் மஞ்சுளா மேடையேறினாள். கையைப் பிடித்து, "போதும், வாங்க" என்றாள். மணி நாலு நாற்பது.

மைக்கை மறுபடி சரிசெய்து ஜசிரா இரண்டு பாட்டு பாடினாள். அம்மாவுக்கென்று வைத்திருந்த கடைசிப் பாட்டுக்கு அக்கார்டியனை விரித்தபோது மணி ஐந்து, விளக்குகள் அணைந்தன. ஜசிரா அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சட்டைப்பையில் மூன்று சீட்டும் கனத்தன. எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று மஞ்சுளா லூசியானாவிடம் கேட்டுவந்து, "ஆறு மணிக்காம்" என்றாள்.

"தி பார்க்கிங் லாட் டஸ்ன்ட் க்ளோஸ், அப்பா" என்றாள் நிலா.

அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், வாய் திறக்காமல் ஓடிப்போய் எங்கள் மினிவேனைக் குறுக்கே நிறுத்தி டிக்கியைத் திறந்துவிட்டதுதான். ஜசிரா அதில் உட்கார்ந்தாள். டெக்சஸ் வெயில் மண்டையைப் பிளந்தது. பொன்னாடைகளை விரித்து நாலைந்து பேர் சேர்ந்து தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள் (பொன்னாடையால் ஒரு பயன் உண்டென்று அன்றுதான் கண்டேன்).

மாடு அழைக்கும் கூவலில் தொடங்கியது பாட்டு. ஜசிரா ஒரு முறை கூவி நிறுத்தினாள். பொன்னாடை நிழலில் நின்றிருந்த டோனா ரீட்டா, கைப்பையை லூசியானாவிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கூவினார். அப்படி ஒரு குரல். ஜசிரா அக்கார்டியனில் கைவைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கூவலை மகள் கற்றதே அவரிடம்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினாலு பக்கத்தில் இதைத்தான் எழுதியிருக்கவில்லை. புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்களெல்லாம் புத்தகத்தோடு நின்றுவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது டோனா ரீட்டாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். ஜசிரா வாயைப் பொத்திக்கொண்டாள். மொழிபெயர்க்க நேரமில்லாமல் லூசியானா அவரைக் காரில் ஏற்றிவிட்டாள். திட்டுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் அன்றிலிருந்து இதே பிழைப்பு. சாப்பாட்டு மேஜையில் நான் "ஒரு தடவை என்ன ஆச்சுன்னா" என்று ஆரம்பித்தால் போதும், நிலா ஒரு டிஷ்யூவில் '5:00' என்று எழுதி நகர்த்துவாள். பையில் போட்டுக்கொள்வேன்.

ஆறு மாதம் கழித்து லூசியானா லீவில் ஊருக்குப் போய்விட்டு வந்தாள். எனக்கென்று ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்தாள். டோனா ரீட்டா சொல்லச் சொல்ல இவள் எழுதியது. அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் இதைத்தானாம்.

'அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகு என் மகளுக்கு என்ன ஆயிற்று? அவளைக் கேட்டால் அதெல்லாம் எதற்கம்மா என்கிறாள். நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியைச் சொல்லவும்.'

நிறுத்தச் சொல்லி எனக்கு வந்த சீட்டுகளுக்குக் கணக்கில்லை. பேசச் சொல்லி வந்தது இது ஒன்றுதான். மீதிப் பக்கங்களை அன்றே லூசியானாவிடம் கொடுத்து மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லிவிட்டு, சீட்டை லேமினேட் பண்ணி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இப்போதெல்லாம் டிஷ்யூ வந்தால் ஃபிரிட்ஜைக் கைகாட்டுகிறேன்.

மஞ்சுளா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அந்தம்மா கேக்கறாங்கன்னா அங்கயே போய்ப் பேசுங்க. டிக்கெட் நான் போடறேன்" என்கிறாள்.