ஒழிக்கச் சொன்ன எண்ணெய்

என் ஆத்துமாவைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுக்க எனக்கு ஒரு ஜெபம் போதும். என் சிப்ஸ் கம்பெனியை இன்னொருத்தர் கையில் ஒப்படைக்கத்தான் விசுவாசம் பத்தவில்லை.

கம்பெனி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கேரள எல்லையோரப் பாறசாலையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, வாழைக்காய் வறுக்க ரெண்டு பெரிய உருளி, நாலு பெண்கள். குடலிறக்கம் வந்து காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்று முடிவான நேரத்தில், ஓணத்துக்குத் திருவனந்தபுரத்துப் பெரிய கடை ஒன்றிலிருந்து முதல் ஆர்டரும் வந்தது. சொன்ன நாளில் சரக்கு போகாவிட்டால் அந்தக் கடை பிறகு நம்மைத் திரும்பிப் பார்க்காது.

"ஒரு மாசத்துக்கு ஒரு மேனேஜரை வைப்போம்" என்றாள் என் மனைவி கிரேசி. "சபைக்கு வாற கோயம்புத்தூர் மேடம் உண்டுல்லா? பிஸ்கட் கம்பெனியில சூப்பர்வைசரா இருந்தவங்களாக்கும். மகளுக்க படிப்புக்காக இங்க வந்து தாமசிக்காங்க."

"வாடகைக்கு மேனேஜரா? பந்தல்காரன் நாற்காலி மாதிரியா?" என்றேன். (அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.)

மேடம் வந்தார். சூடு ஆறுமுன் பாக்கெட்டில் போடுவதால்தான் நம்ம சிப்ஸ் நமுத்துப் போகிறது என்று முதல் நாளே சொன்னார். வருஷக்கணக்காக நான் மழைக்காலத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே விஷயத்தில்தான் எங்களுக்குள் முட்டியது. வறுத்து மீந்த எண்ணெயை நான் பீப்பாயில் புது எண்ணெயோடு சேர்த்துவிடுவேன்.

"இதை மொத்தமா எடுத்துட்டுப் புதுசா ஆரம்பிக்கோணுமுங்ணா" என்பார். என் வீட்டு ஆதாரப் பத்திரத்தையே பிடுங்க வந்ததுபோல நான் மறுப்பேன்.

ஆப்பரேஷன் நாள் காலை. மறுநாள் காலை சரக்கு கிளம்ப வேண்டும். பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு படுத்திருந்த எனக்கு உயிரைப் பற்றிய பயத்தைவிட உருளியைப் பற்றிய பயம்தான் பெரிதாக இருந்தது. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், உருளியில எண்ணெய் முழுசும் ஒழிச்சிருங்க."

"நெசமாத்தான் சொல்றீங்களாண்ணா?"

"ஆமா. பீப்பாயில உள்ளதையும் ஒழிக்கணும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கண்டாம்."

"இன்னைக்கேவா?"

"இப்பமே. பெண்ணுங்க வாறதுக்கு முன்னே ஆகணும்."

"கடைசியில மனசு மாறிட்டீங்க. ரொம்பச் சந்தோசமுங்ணா."

எண்ணெய் ஊற்றச் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று யோசிப்பதற்குள் நர்ஸம்மா போனை வாங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒழிக்க என்றால் ஊற்ற. மலையாளத்திலும் அதுதான். கோயம்புத்தூரில் ஒழிக்க என்றால் இல்லாமல் ஆக்குவது என்பது எனக்கு எப்படித் தெரியும்? (தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளை தாண்டி நான் போனதெல்லாம் கல்யாண வீட்டுக்கு மட்டும்தான்.)

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தேன். கிரேசி வேதபுஸ்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல்ல. எண்ணெய்தான் போச்சு. அமரவிளையில சோப்பு காய்ச்சுறவர் வண்டி கொண்டுவந்து முழுசும் எடுத்திட்டுப் போயாச்சு. நீங்கதான் ஒழிக்கச் சொன்னீங்களாம்."

எழுந்து ஓடப் பார்த்தேன். தையல் என்னைப் பிடித்து உட்கார்த்தியது. அங்கே வாழைக்காய் தொலி உரித்து மஞ்சள் தண்ணீரில் கிடக்கிறது, அடுப்பு அணைந்து கிடக்கிறது, நான் இங்கே கையில் குளுக்கோஸ் குழாயோடு கிடக்கிறேன்.

கிரேசி போனைக் காதில் வைத்தாள்.

"தப்பு அந்த வார்த்தை மேலதானுங்ணா, பொண்ணுங்க வந்து சொல்லித்தான் உங்க ஊரு அர்த்தம் தெரிஞ்சுது" என்றார் மேடம். "பொறவு பேசிக்கலாம். கடைக்காரங்ககிட்டப் பேசீட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"நடந்ததைச் சொன்னேன். காலையில பாதி, சாயங்காலம் பாதி அனுப்பறோம்னேன். சிரிச்சுட்டுச் சரின்னாங்க."

எனக்கு மறுபடியும் மயக்கம் வந்தது. என்னிடம் விட்டிருந்தால் டிரைவருக்குக் காய்ச்சல், வண்டிக்குப் பஞ்சர் என்று பொய்களை அடுக்கி ஆர்டரையும் தொலைத்திருப்பேன். எனக்கு என் மானம் பெரிது. அவருக்கு நம்ம ஊரில் காப்பாற்ற ஒரு மானமும் இல்லை, வேலை மட்டும்தான் இருந்தது. வெளியாளை வைப்பதில் உள்ள நன்மை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நெய்யாற்றின்கரை மில்லிலிருந்து எண்ணெய் வந்து சேரும்வரை சங்கீதம் சொல்லிக்கொண்டே கிடந்தேன். நடுவில் வசனம் மறந்து மில்லுக்காரர் போன் நம்பர் வாயில் வந்தது. ஆண்டவர் பொறுத்துக்கொண்டார். சொன்னபடி காலையில் பாதியும் சாயங்காலம் பாதியும் போய்ச் சேர்ந்தன. சுத்தமான எண்ணெயில் வறுத்ததால் பொன் நிறம். "இனியும் இதே நிறம் வேணும்" என்று கடைக்காரர் அடுத்த ஆர்டரும் தந்தார்.

மாசம் முடிந்து போகும்போது மேடம் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை மாட்டிவிட்டுப் போனார்: "முதலாளி போனில் சொல்வதைச் செய்யுமுன் கிரேசி அக்காவிடம் கேட்கவும்." அதைக் கழற்ற ஏணி வைத்தேன். ஏணியைப் பிடிக்க ஒருத்தியும் வரவில்லை.

நேற்றுச் சந்தையில் நிற்கும்போது மழை இருட்டியது. முற்றத்தில் காய்கிற விறகை உள்ளே எடுத்துப் போடச் சொல்லிப் போன் பண்ணினேன்.

"செத்த நேரம் நில்லுங்க முதலாளி" என்றாள் வறுக்கிற சுசீலா. "அக்கா குளிக்கப் போயிருக்காங்க. வரட்டு, கேட்டிட்டு எடுக்கோம்."