பத்துக் கிலோவுக்குள் பதினாலு புத்தகம்

எடை மெஷினின் முள் இருபத்தொன்பதில் போய் நின்றது. வானிலைக்காரர் நம்பவில்லை. பெட்டியைத் தூக்கி, மெஷினை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி வைத்தார். இப்போது முப்பது.

"போதும் விடுங்க. இன்னொரு தடவை வெச்சா முப்பத்தஞ்சு காட்டும்," என்றாள் மனைவி. அவள் நூலகர். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பத்துக் கிலோதான் விடுவாங்களாம்."

"அப்ப இருபது கிலோவ எடுங்க."

சொல்வது சுலபம். வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் மனிதர் அவர். மழை வராது என்று அவர் சொன்ன நாளிலெல்லாம் மொட்டைமாடித் துணி நனைந்ததால் தெருவில் அவருக்கு 'வானிலைக்காரர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நாளைக் காலை படகேறி, ஒரு குட்டித் தீவில் எட்டு மாதம் தனியாக இருந்து காற்றையும் மழையையும் அளக்க வேண்டும். ஆபீஸிலிருந்து வந்த உத்தரவுத் தாளின் கடைசி வரி, தனிப்பட்ட பொருள்கள் பத்துக் கிலோவுக்கு மேல் படகில் ஏற்றப்படா என்று கறாராகச் சொன்னது.

போன தடவை மலையுச்சியில் ஆறு மாதம் போட்டார்கள். புத்தகம் எதுவும் கொண்டுபோகவில்லை. இரண்டாம் மாதமே இருமல் மருந்துப் பாட்டிலின் லேபிளை மனப்பாடம் செய்துவிட்டார். நான்காம் மாதம் காற்றுமானியைத் 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆறாம் மாதம் தம்பி பதில் சொன்னான். திரும்பி வந்தவரைத் தேற்றி மனுஷனாக்குவதற்குள் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தத் தடவையும் அப்படி ஆனால் தேறுவோம் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. உள்ளுக்குள் நிஜமாகவே பயந்திருந்தார்.

மனைவி போனதும் வேலையில் இறங்கினார். பெட்டி மட்டுமே நாலு கிலோ. அதைத் தள்ளிவிட்டுத் துணிப்பைக்கு மாறினார். பத்துச் சட்டை இரண்டானது. போர்வை போனது. இருபத்திரண்டு புத்தகங்களில் எட்டை, பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற முகத்தோடு அலமாரிக்குத் திருப்பி அனுப்பினார். பதினாலு மிஞ்சியது. முள் பதிமூன்றில் நின்றது.

"இன்னும் மூணு கிலோ," என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மைத்துனர் உள்ளே வந்தார். மனைவியின் தம்பி. பைண்டிங் கடை வைத்திருப்பவர். நிலைமையைக் கேட்டதும் சிரித்தார்.

"என்ன மாமா நீங்க! புத்தகத்துல பாதி எடை அட்டைதான். படிக்கறது உள்ள இருக்கற தாளைத்தானே? அட்டையவா படிக்கப் போறீங்க?"

"அதுக்காக?"

"கிழிச்சிருவோம்."

வானிலைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிழிக்கறதா? நீ கட்டற ஆளுய்யா!"

"கட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் மாமா பிரிக்கத் தெரியும். திரும்பி வந்ததும் நானே புதுசா பைண்ட் பண்ணித் தர்றேன்."

பையிலிருந்து கத்தி வெளியே வந்தது. முதல் அட்டை பிரிந்தபோது வானிலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதற்குள் பழகிவிட்டது. ஐந்தாவதிலிருந்து அவரே உற்சாகமாகிவிட்டார்.

"முன்னுரையும் வேண்டாம்."

"எடுத்தாச்சு."

"தலைப்புப் பக்கம் எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. அதையும் எடு."

உழைத்த களைப்பில் இருவரும் வாசலுக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். உள்ளே ஹாலில் பதினாலு அட்டையில்லாத கட்டுகள் தரையெங்கும் பரப்பிக் கிடந்தன. அட்டையோடு தையலும் போய்விட்டதால் தாள்கள் ஒன்றையொன்று நம்பித்தான் படுத்திருந்தன. அந்த நேரத்தில் பின்கட்டிலிருந்து மாமியார் வந்தார். துணி துவைத்து வியர்த்திருந்தார். ஃபேன் சுவிட்சைப் போட்டார், ஐந்தில் வைத்தார்.

சரசரவென்ற சத்தம் கேட்டு வானிலைக்காரர் உள்ளே ஓடிவந்தார். ஹால் முழுக்கத் தாள் பறந்தது. ஒன்று அவர் முகத்திலேயே வந்து அப்பியது. காற்றின் வேகம் அளப்பதுதான் அவர் தொழில் என்றாலும் இந்தக் காற்றை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அத்தை! ஃபேனை நிறுத்துங்க!"

"ஐயையோ, குப்பைன்னு நெனச்சேன் மாப்பிள்ளை!"

தாளெல்லாம் அடங்கியதும் மூவரும் பார்த்துக்கொண்டார்கள். எந்தத் தாளிலும் புத்தகத்தின் பெயர் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி எழுத்து. மைத்துனர் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"'கதவைத் திறந்ததும் அவன் கண்டது...' இது எந்தப் புத்தகம் மாமா?"

"எல்லாப் புத்தகத்துலயும் கதவைத் திறந்து எதையாவது பார்ப்பாங்கடா!" என்று வானிலைக்காரர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

கடையிலிருந்து அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று மைத்துனர் நழுவினார். போன் அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வானிலைக்காரர் தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்தார். செய்த தப்பு மாமியாரின் மனதை உறுத்தியது. சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் உழைத்துவிட்டு, மாப்பிள்ளையை எழுப்பினார்.

"எழுந்து பாருங்க மாப்பிள்ளை. அத்தனையும் சரி பண்ணிட்டேன்."

ஹாலின் நடுவே ஒரே ஒரு பெரிய கட்டு, விளிம்பு பிசகாமல், கயிறு போட்டு நின்றது.

"எப்படி அத்தை பிரிச்சீங்க?"

"பிரிக்கறதாவது? நம்பர் வரிசையா அடுக்கிட்டேன். மொதல்ல ஒண்ணாம் நம்பர் எல்லாம். அப்புறம் மூணாம் நம்பர் எல்லாம். அஞ்சு, ஏழு, ஒம்போது... ஒண்ணுகூட விடலை!"

மாப்பிள்ளை மாமியாரைத் திட்ட முடியாது. வானிலைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி அத்தை," என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

மனைவி வந்தாள். அவள் பார்வை கட்டின் மேல் விழவில்லை. குப்பைக்கூடையின் மேல் விழுந்தது. உள்ளே கையை விட்டு ஒரு தாளை எடுத்தாள். இன்னொன்று. மூன்றாவது.

"என்னங்க, இது எங்க லைப்ரரி முத்திரை."

வானிலைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"பதிவு போடறதுக்குன்னு கொண்டுவந்த மூணு புதுப் புத்தகம். என் மேஜையில வெச்சிருந்தேன்."

"நீ ரெண்டு வாரத்துக்கு மேல யாருக்கும் தரமாட்டியே... எட்டு மாசத்துக்குக் கேட்டா நீ..."

"கேட்டா தரமாட்டேன்னு கிழிச்சீங்களா?"

"கிழிச்சது உன் தம்பி."

"பறக்கவிட்டது நான்," என்று மாமியாரும் தன் பங்கை ஒப்புக்கொண்டார்.

பதினைந்து வருஷ வேலையில் ஒரு புத்தகத்தின் மூலை மடிந்தால்கூட ஆளைக் கூப்பிட்டுக் கேட்பவள் அவள். அதிர்ச்சியில் அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. கட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே இருந்த பதினாலு முதல் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"இதை அப்படியே எடுத்துட்டுப் போங்க. எட்டு மாசம் இருக்கு. திரும்பி வர்றப்போ என் மூணு புத்தகமும் தாள் குறையாம, வரிசை மாறாம என் கைக்கு வரணும். அடுத்த வருஷம் கணக்கெடுப்பு இருக்கு. வரலைன்னா எனக்கு வேலை போயிரும். அப்புறம் நீங்க தீவுலயே இருந்துக்கலாம்."

கட்டையும் இரண்டு சட்டையையும் துணிப்பையில் போட்டு மெஷினில் வைத்தார்கள். முள் ஒன்பதே முக்காலில் நின்றது. அன்றைக்கு ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை வானிலைக்காரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். படகோட்டியும் இன்னொரு ஆளும் கரையில் குவித்திருந்த பெரிய பெரிய கருங்கற்களைத் தூக்கிப் படகின் அடியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க எடை போடணும்?"

"என்னத்த சார்?"

"பையை. ஒருத்தருக்குப் பத்துக் கிலோன்னு உத்தரவு." தாளை நீட்டினார்.

படகோட்டி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். பிறகு, மிகச் சாதாரணமாக, தாளைத் திருப்பினார். மருந்து லேபிளையே மனப்பாடம் செய்த வானிலைக்காரர், ஆபீஸ் தாளுக்குப் பின்பக்கம் இருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை.

"பின்னாடி போட்டிருக்கே சார், திரும்பி வர்ற பயணத்துக்கு மட்டும்னு. வர்ற வழியில பக்கத்துத் தீவுல உப்பு மூட்டை ஏத்துவோம், அப்பதான் இடம் இருக்காது. போறப்போ காலிப் படகு. கவிழக்கூடாதுன்னு நாங்களே கல்லு ஏத்திட்டிருக்கோம்."

வானிலைக்காரர் கற்குவியலைப் பார்த்தார். வீட்டு அலமாரியில் விட்டுவந்த எட்டும், குப்பைக்கூடைக்குப் போன பதினாலு அட்டைகளும், மனைவியின் முகமும் கண்முன் வந்து போயின. அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார் ஆச்சு? பையில அப்படி என்ன இருக்கு?"

"புத்தகம்," என்றார் ஈனஸ்வரத்தில்.

"புத்தகமா? அதை ஏன் சார் சுமக்கறீங்க! இருபது வருஷமா உங்க ஆபீஸ்காரங்க பெட்டி பெட்டியாக் கொண்டு போய், திரும்பறப்போ பத்துக் கிலோதான்னு அத்தனையையும் அங்கேயே போட்டுட்டு வந்திருக்காங்க. போன தடவை போனவரு புத்தகத்தை ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் கட்டிலையே போட்டாரு!"