ஈரத்துணி சார் வாங்கிய தேதி மெஷின்

தேய்த்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் சிதம்பரத்தில் குடியிருந்தார், கடலூரில் வேலை பார்த்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் பிராணனை வாங்கினார்.

எங்கள் நல்லெண்ணெய்க் கம்பெனியில் அவர் இல்லாதபோது அவர் பெயர் 'ஈரத்துணி'. எதிரே வந்துவிட்டால் 'சார்'. நான் கணக்குப் பிரிவு. கம்பெனிக்கு என்ன வாங்குவதானாலும் அவர்தான் வாங்க வேண்டும். பேன்ட் பாக்கெட்டில் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் ஒரு ஈரத்துணி. எங்கே எழுத்தைப் பார்த்தாலும் துணி வெளியே வந்துவிடும். பஸ் டிக்கெட்டைக்கூடத் தேய்ப்பார். செக்கர் ஏறும்போது கையில் கூழ்தான் இருக்கும்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பையனின் பட்டச் சான்றிதழைப் பெருமையாக நீட்டினார்கள். இவர் துணியை எடுத்துவிட்டார்.

"ஏங்க, பையன் படிச்ச படிப்பு அழிஞ்சிடும்னு பாக்குறீங்களா?" என்று பையனின் அப்பா எழுந்தேவிட்டார்.

"சேச்சே, பையன் தங்கமான பையன். மைதான் எப்புடின்னு பாத்தேன்" என்றார் இவர். அந்தக் கல்யாணம் நடந்ததே, அதுதான் ஆச்சரியம்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் கம்பெனிக்கு ஒரு கண்டம் வந்தது. பாட்டிலில் தேதியை எங்கள் பேக்கிங் பெண்கள் ரப்பர் ஸ்டாம்ப்பால் குத்திக்கொண்டிருந்தார்கள். சென்னைக்குப் போவதற்குள் எண்ணெய்ப் பிசுக்கில் தேதி கரைந்துவிடும். பெரிய கடைக்காரர் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார். "இன்னொரு தடவை தேதி அழிஞ்சு வந்தா ஆர்டர் கிடையாது" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் பேக்கிங் ஷெட்டை மூட வேண்டியதுதான், அத்தனை பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலாளி ஈரத்துணியைக் கூப்பிட்டு, "தேதி அடிக்கிற மெஷின் ஒண்ணு பாருங்க" என்றார். தீயணைப்பு வண்டிக்குத் தீ கிடைத்த மாதிரி ஆனது.

முதலில் டை கட்டிய ஒருவர் வந்தார். பளபளக்கும் புதுப் பாட்டிலில் அழகாகத் தேதி அடித்துக் காட்டினார். நாங்கள் கை தட்டினோம். ஈரத்துணி நேராக எண்ணெய் நிரப்பும் இடத்துக்குப் போய், வழிய வழிய ஒரு பாட்டிலைத் தூக்கி வந்தார்.

"இதுல அடிங்க தம்பி."

அடித்த தேதி அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது.

"சார், பாட்டில் சுத்தமா இருக்கணும்."

"எங்க பாட்டில் சுத்தமாத்தான் இருக்கு. எண்ணெதான் வெளியிலயும் இருக்கு."

அடுத்த மெஷின் முதலாளியுடைய மச்சானின் சிபாரிசு. விலை குறைவு, தண்ணீர் மாதிரி மை. அட்டைப்பெட்டியில் ஜம்மென்று பிடித்தது, பிளாஸ்டிக்கில் காயவே இல்லை. மூன்றாவதன் மை நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் போல நாறியது, ஆனால் பட்டதும் காய்ந்தது. ஈரத்துணி தேய்த்தார். போகவில்லை. சரி, வாங்குவார் என்று பார்த்தால், "நான் தேய்ச்சா போதுமா? ஊரு தேய்க்கணும்" என்று மூன்று மெஷினிலும் அடித்த பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை திரும்பி வரும்போது, புதுச்சத்திரத்தில் ஏறிய மீன்கார அம்மாவின் கூடைக்குள் மூன்றையும் செருகியிருக்கிறார்.

"என்னா சாரு, மீனும் எண்ணெயும் சேத்து இங்கயே வறுத்துடப் போறியா?"

"இல்லம்மா, தேதி அழியுதான்னு பாக்கணும்."

"தேதி அழிஞ்சா என்னாய்யா? நாளைக்கித்தான் வேற தேதி வந்துடுமே!"

முதலாளி மேஜையில் மீன் செதிலோடு மூன்று பாட்டில்கள் உட்கார்ந்தன. இரண்டு மொட்டை. மூன்றாவதில் தேதி கல்லு மாதிரி நின்றது. முதலாளி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார். மச்சான் ஒரு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

மெஷின் வந்த வேளை, ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். புது மெஷினுக்கு மட்டும் வேறு யாரையும் விடாமல் ஈரத்துணியே பொட்டு வைத்தார். பக்தி ஜாஸ்தியாகிவிட்டது போலும். மை பீச்சுகிற அந்த ஊசிமுனை ஓட்டையின் மேலேயே சந்தனத்தைக் கட்டியாக அப்பியிருக்கிறார்.

பூஜை முடிந்து பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி விழவில்லை. வெளியே சென்னை லாரி ஹாரன் அடிக்கிறது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஈரத்துணியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நான் மெஷின் விற்ற கம்பெனியின் இன்ஜினீயருக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். மெஷினோட குடுத்த கிளீனிங் திரவத்தைத் தொட்டு மெதுவா தொடைங்க. நல்ல துணியா ஏதாவது இருக்கா?"

துணி இருக்காவா! அத்தனை பதற்றத்திலும் ஷெட்டே சிரித்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து உதறிக் காயவைத்து, திரவத்தைத் தொட்டு, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற பதத்தில் துடைத்தார். தேதி விழுந்தது. லாரி போனது. அதன் பிறகு சென்னையிலிருந்து ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை, ஷெட்டும் மூடவில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவர் ஓய்வு பெற்றார். முதலாளி போர்த்திய பொன்னாடையை மேடையிலேயே தேய்த்து, "சாயம் போவுது சார்" என்று மைக்கில் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியாகப் பேக்கிங் பெண்கள் வந்து ஒரு எண்ணெய் பாட்டிலை நீட்டினார்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் அதே மெஷினால் வேறு ஏதோ அடித்திருந்தது. அதற்குத் தமிழ் வராது, அதனால் இங்கிலீஷ் எழுத்தில், 'எங்க சார்'.

அவர் கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போனது. துணி வெளியே வந்தது. பாட்டில் வரைக்கும் போய், நின்று, மடங்கி, திரும்பப் பாக்கெட்டுக்கே போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏன் சார், அதை மட்டும் தேய்ச்சுப் பாக்கல?"

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அழிஞ்சிட்டா என்னாய்யா பண்றது?"

அழியாது சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.