ராகுகாலத்தில் வடித்த பன்னீர்

இரசாயனவியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளையை ஒருபோதும் குசினியில் அடுப்போடு தனியாக விடக்கூடாது. இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை நான்தான்.

அந்த வருடம் குளிக்கச் சவர்க்காரம் காய்ச்சினேன், சீஸ் உறையவைத்தேன், காளான் வளர்த்தேன். மூன்றிலும் தோல்வி. (காளான் வளரத்தான் செய்தது. ஆனால் சீஸில்.) அடுத்து என் கண்ணில் பட்டது சாராயம். மேப்பிள் மரத்தின் இனிப்புப் பாகை, அதுதான் மேப்பிள் பாணியை, புளிக்கவைத்து வடித்தால் எப்படி இருக்கும்? கியூபெக்கின் பாணி, யாழ்ப்பாணத்தின் கை! ஒரு சொட்டு வடிக்குமுன்பே போத்தலுக்கு லேபல் கீறி ஒட்டிவிட்டேன். அனுமதியில்லாமல் வீட்டில் வடிப்பது குற்றம் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. (வடிக்கப் பழக்கிய வீடியோவில் அந்த இடம் சலிப்பாக இருந்தது. தாண்டிவிட்டேன்.)

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வாடகை வீடு இரண்டாம் மாடியில். குளிர்ச்சட்டைகள் தொங்கும் அலுமாரிக்குள், ஒரு வாளியில், பாணி நாள்கணக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. “என்னடி சத்தம்?” என்று அம்மா கேட்டபோது ஹீட்டர் என்றேன். அம்மா உடனே வீட்டுச் சொந்தக்காரருக்கு அழைப்பெடுத்தார். ஒருவர் வந்து, நன்றாக இருந்த ஹீட்டரைக் கழற்றிப் பூட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு அது உண்மையாகவே முணுமுணுக்கத் தொடங்கியது.

இனி என் அக்கா மதுராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் கோகுலனும் இரண்டு வருடங்களாக விரும்பியவர்கள். கோகுலனின் அம்மா மிகவும் ஆசாரமானவர். அவருடைய தம்பி ஒருவர் குடித்தே அழிந்துபோனவராம். அதனால் அவர் எங்கள் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியே, “உங்கட வீட்டில ஆரும் குடிவகை தொடுறதோ?” என்பதுதான்.

“ஐயோ, எங்கட வீட்டுக்க புளிச்ச வினாகிரி கூட வாறேல்லை” என்றார் அம்மா.

இந்த ஒரு வசனத்தின் பலத்தில்தான் அவர்கள் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோசார்ட்டிலிருந்து பெண் பார்க்க வரச் சம்மதித்தார்கள். “ராகுகாலம் கழிய வாறம்” என்றார் கோகுலனின் அம்மா. எங்கள் சுவரில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டரில் ஞாயிறு ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. ஆகவே ஆறு மணிக்குத்தான் வருவார்கள்.

மதியம் கழிய அம்மாவும் அப்பாவும் அக்காவும் பூவும் ரோல்ஸும் வாங்கப் புறப்பட்டார்கள். “வீட்டைக் கூட்டி விளக்கைத் துடைச்சு வை. வேற ஒண்டிலயும் கை வைக்காதை” என்றாள் அக்கா. கதவு சாத்தியதும் வாளியை வெளியே எடுத்தேன். இந்த வீட்டில் நான் தனியாக இருப்பது வருடத்தில் அரிதான நிகழ்வு. கிரகணம் போல. விடலாமா?

அம்மாவின் குக்கரில் புளித்த பாணியை ஊற்றி, விசிலைக் கழற்றி, அந்த இடத்தில் செப்புக் குழாய். குழாயைக் குளிரவைக்க, அம்மா புட்டுக்கு மா குழைக்கும் பெரிய பேசின் நிறையப் பனி. பனிக்கு எங்கள் பால்கனியில் பஞ்சமா? காலுறையோடு ஓடி ஓடி அள்ளினேன். கீழே வீதியோரம் ஒரு கார் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. பார்க்கிங் தேடுகிறார்களாக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயின் நுனியில் முதல் சொட்டு விழுந்தபோது என் இதயமும் கூடவே விழுந்தது. பயம் அப்போதுதான் வந்தது. வீடு முழுக்க ஒரு மணம். யன்னலைத் திறந்தேன், போகவில்லை. ஒரு பெட்டி சந்தனக்குச்சியை மொத்தமாகக் கொளுத்தினேன். மதுக்கடைக்குள் பூசை நடப்பது போல ஆனது.

அப்போது மணி அடித்தது. நேரம் நாலேகால் கூட ஆகவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பட்டுச்சேலைக்கு மேல் குளிர்ச்சட்டையோடு கோகுலனின் அம்மா. பின்னால் கணவர், அதற்கும் பின்னால் கோகுலன்.

“அன்ரி... ராகுகாலம்...” என்று இழுத்தேன்.

“அது இப்பதான் முடிஞ்சது பிள்ளை! அதுக்காகத்தானே இவ்வளவு நேரமும் கீழ காருக்க இருந்தனாங்கள்.”

ராகுகாலம் சூரியனைப் பார்த்துக் கணிப்பது. ஞாயிறென்றால் பகலின் கடைசிப் பகுதி. யாழ்ப்பாணத்தில் ஆறு மணிவாக்கில் இருட்டும். மொன்ட்ரியால் டிசம்பரில் நாலு மணி கழிந்ததுமே இருட்டிவிடும். அன்ரியிடம் இருந்தது மொன்ட்ரியாலுக்கென்றே கணித்த பஞ்சாங்கம். விஞ்ஞானம் படித்தவள் நான். சூரியனைச் சரியாகப் பார்த்தவர் அவர்.

“நீ பனி அள்ளினதையும் பாத்தனாங்கள்” என்றார் அவர். “எனக்குத் தடிமன், மூக்கடைச்சு ஒரு மணமும் தெரியேல்லை. என்ன அவிக்கிறாய்?”

சொல்லிக்கொண்டே நேரே குசினிக்குள் போய்விட்டார். அங்கிள் ஒருமுறை மூச்சை இழுத்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கோகுலனின் முகம் பேசினில் இருந்த பனியின் நிறத்துக்கு வந்தது.

குக்கர், குழாய், போத்தலில் தெளிந்த நீர். அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். என் மூளை வாழ்க்கையிலேயே மிக வேகமாக ஓடியது, மிகத் தவறான திசையில்.

“பன்னீர் அன்ரி. உங்களுக்குத் தெளிக்க.”

“வீட்டிலயே வடிக்கிறியோ! கடையில விக்கிறது முழுக்க எசன்ஸ்” என்று என் கன்னத்தைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டார் வந்து சேர வேண்டுமா? அம்மா மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்டார். அன்ரியோ, “உங்கட சின்னவள் கெட்டிக்காரி, பன்னீர் வடிக்கிறாள்” என்றார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பாராட்டை மறுக்கும் நிலையில் அவர் இல்லை. “ஓம் ஓம், அவள் கெமிஸ்ட்ரி படிச்சவள்” என்று குத்துவிளக்கை ஏற்றினார். பன்னீர்ச் செம்பை எடுத்தார். போத்தலை அதற்குள் கவிழ்த்தார்.

“அம்மா, அது இன்னும் சூடு!”

“குளிருக்கு நல்லதுதானே, விடு.”

ஒரு தெளி அன்ரிக்கு. ஒரு தெளி அங்கிளுக்கு. மூன்றாவது கோகுலனுக்கு, ஆனால் அவன் விலகிவிட்டான். அவனுக்குப் பின்னால்தான் விளக்கு இருந்தது.

‘பொப்’ என்றொரு சத்தம். நீலச் சுவாலை எழும்பி, மேலே தொங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. மாவிலைகள் அப்பளமாகச் சுருண்டன. அக்காவின் கண் நிறைந்ததை மட்டும் பார்த்தேன். இரண்டு வருடங்கள் அந்தச் சுவாலையில் போய்க்கொண்டிருந்தன.

“அன்ரி, அது பன்னீர் இல்லை, சாராயம்” என்றேன். “அக்காவுக்கோ அம்மாவுக்கோ ஒண்டும் தெரியாது. நான்தான் வடிச்சனான்.”

“குடிச்சனியோ?”

“சத்தியமா இல்லை. இதுதான் முதல் போத்தல்.”

அதுவரை வாயே திறக்காத அங்கிள், நல்ல மனத்தோடு சொன்னார்: “முதல்ல வடிஞ்சு வாறதைத் தொடவே கூடாது பிள்ளை. கண் போயிடும்.”

அன்ரி மிக மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“பேப்பரில...”

“எந்தப் பேப்பரில?”

அங்கிள் திரும்பவும் கூரையைப் பார்த்தார். சுருண்ட மாவிலைதான் தெரிந்தது.

அன்ரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “இந்த வீட்டில வடிக்கிறது ஆரெண்டு தெரிஞ்சிட்டுது. எங்கட வீட்டில குடிக்கிறது ஆரெண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்களுக்குக் குறை சொல்ல வாயில்லை. நடவடி, ஊத்து.”

அவர் கண்ணெதிரிலேயே வாளி, போத்தல் எல்லாவற்றையும் கழுவுதொட்டியில் ஊற்றினேன். பிறகு அவரும் அம்மாவும் சேர்ந்து குக்கரைத் தேய்த்தார்கள். முதலில் என்னைத் திட்டினார்கள், பிறகு அங்கிளை, கடைசியில் ஆண்கள் எல்லோரையும். குக்கர் பளபளத்தபோது கலியாணத்துக்கு மாதமும் குறித்தாயிற்று.

கலியாண மண்டப வாசலில் சந்தனம் கொடுக்கும் வேலையை மட்டும் எனக்குத் தந்தார்கள். பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்ணை அன்ரி நிறுத்தி, முதலில் தான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். இன்றைக்கும் என் கையில் தண்ணீர்ப் போத்தலைக் கண்டால், “பன்னீரோ?” என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. சுருண்ட தோரணத்தை அம்மா கழற்ற மறுக்கிறார். வருடா வருடம் அன்ரி எனக்கென்று ஒரு மொன்ட்ரியால் பஞ்சாங்கம் அனுப்புகிறார். டிசம்பர் ஞாயிறுகளைச் சுற்றி சிவப்பு வட்டம்.

போன முறை அதைக் கொண்டுவந்தவர் அங்கிள். அன்ரி குசினிக்குள் போகும்வரை பொறுத்திருந்து, என் காதோடு கேட்டார்: “பிள்ளை, அண்டைக்கு முழுக்கவே ஊத்தினியோ?”